கோப்பு போய்ச் சேரும் இடம்: நெல்லைச் சீமைக் கடைகளுக்கு எந்த மென்பொருள்?

நிரலைத் திறந்து வைத்து யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று விடும் கட்டற்ற மென்பொருளா, காசு கொடுத்து வாங்கும் மென்பொருளா என்று கேட்டால் இரண்டே வழி இருப்பது போலத் தோன்றும். பாளையங்கோட்டை, திருநெல்வேலி டவுண், தென்காசி, அம்பாசமுத்திரம் என்று எந்த ஊரின் டிடிபி (கணினியில் அச்சுக் கோக்கும்) கடைகளை எடுத்தாலும் நடைமுறையில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. உரிமப் பூட்டை உடைத்து ‘கிராக்’ போட்ட நகல்தான் அது. பலர் ‘இலவசம்’ என்று நினைத்துக்கொண்டிருப்பதும் அதைத்தான். அதை ஒதுக்கி வைத்தால்தான் மற்ற இரண்டையும் நேர்மையாக ஒப்பிட முடியும்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 63பி: திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகமாக 3 ஆண்டு சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். தொழில் லாபத்துக்காக இல்லாமல் பயன்படுத்தியிருந்தால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். கடை வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகை கைகொடுக்காது. இன்னொரு கேடும் உண்டு. கிராக் நிரலை ஓட்டும் முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அணைத்த அந்த ஐந்து நிமிடத்தில் கூடவே வேறொன்று உள்ளே வந்தால் தடுக்க ஆளில்லை. சித்திரை முதல் ஆடி வரை கோயில் கொடை (ஊர்த் திருவிழா) நோட்டீஸ் வேலை குவிந்து கிடக்கும்போது கோப்புகள் அத்தனையும் பூட்டப்பட்டு, திறக்கப் பணம் கேட்கும் செய்தி திரையில் வந்து நின்றால், மிச்சம் பிடித்த காசுக்கு அர்த்தமே இல்லை.

அடுத்து ஒரு சொல் மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். விலையில்லாதது எல்லாம் கட்டற்றது அல்ல. தமிழ்த் தட்டச்சுக்கான இரண்டு மென்பொருள்களைப் பாருங்கள். என்எச்எம் ரைட்டர் விலையில்லாமல் கிடைக்கிறது. ஆனால் அதன் மூல நிரல் மூடியது. இகலப்பை விலையில்லாதது, மூல நிரலும் திறந்தது. தட்டச்சு அடிக்கும் வேலையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. உருவாக்கியவர் கைவிடும் நாளில்தான் தெரியும்.

அதற்கு நம் கண்முன்னே இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அதில் கோத்த கல்யாணப் பத்திரிகையும் கோயில் மலரும் இன்று பழைய கணினி ஒன்றை உயிரோடு வைத்திருப்பவரிடம் மட்டுமே உள்ளபடி திறக்கும். மறுபக்கம் ஓப்பன்ஆபீஸ் என்ற கட்டற்ற அலுவலகத் தொகுப்பு. அதை வைத்திருந்த சன் நிறுவனம் 2010-இல் ஆரக்கிள் கைக்குப் போனது. நிரல் எழுதுபவர்களில் பெரும்பகுதியினர் அதே ஆண்டு செப்டம்பரில் மூல நிரலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து லிப்ரெஆபீஸைத் தொடங்கினார்கள். பயன்படுத்தியவர் ஒரு கோப்பைக்கூட இழக்கவில்லை. அந்தப் பழைய பேஜ்மேக்கர் கோப்பையும் இன்று லிப்ரெஆபீஸின் வரைபடப் பகுதியான டிராவில் திறந்து பார்க்கலாம். பக்க அமைப்பு ஓரளவுதான் வரும் என்றாலும் உள்ளே இருக்கும் எழுத்தை மீட்டெடுத்துவிடலாம்.

இதை வைத்து, எல்லாரும் நாளையே கட்டற்றதற்கு மாறுங்கள் என்று சொல்லிவிட முடியாது. தேர்வுக்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். இந்தக் கோப்பு உங்கள் கடையை விட்டு யாரிடம் போகிறது? கணினியோடு என்னென்ன கருவி மாட்டியிருக்கிறது? வேலை பாதியில் நின்றால் எந்த ஊரிலிருந்து ஆள் வர வேண்டும்? விலையை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ் எழுத்து: முதல் முடிச்சு

மாற நினைக்கும் கடைக்காரர் முதலில் தடுக்கி விழுவது மென்பொருளில் அல்ல, எழுத்துருவில். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் தமிழ் எழுத்தை ஆங்கில எழுத்தின் இடத்தில் ஒளித்து வைத்திருக்கின்றன. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளை. பாமினி இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். சிறிய எம் ‘அ’, பெரிய எம் ‘ஆ’. அதனால் வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் வசதி வேர்டிலோ லிப்ரெஆபீஸின் ரைட்டரிலோ இயங்கிக்கொண்டிருந்தால் ‘அவர்’ என்று அடித்தது ‘ஆவர்’ என்று மாறி நிற்கும். பழைய எழுத்துருவில் வேலை செய்யும்வரை அந்த வசதியை அணைத்தே வைக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2010-இலேயே, ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனிக் குறி தரும் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. அரசு இணையதளங்கள், இணைய விண்ணப்பங்கள் எல்லாம் யூனிகோடுதான். எனவே வேர்டிலேயே இருந்தாலும் சரி, லிப்ரெஆபீஸுக்குப் போனாலும் சரி, எழுத்தை யூனிகோடுக்கு மாற்றும் வேலை முதலில் வருகிறது. இந்த வேலையைச் செய்து முடித்த கடைக்கு மென்பொருளை மாற்றுவது பாதி முடிந்த மாதிரி.

மாற்றும்போது கெடும் இடம் ஒன்று இருக்கிறது. சாஸ்தா கோயில் பங்குனி உத்திர நோட்டீஸையோ கொடை வரிப் பட்டியலையோ எடுத்துக்கொள்ளுங்கள். இருநூறு பெயர் இருக்கும். சிலருக்குப் பின்னால் பட்டம் ஆங்கிலத்தில் அடித்திருக்கும். மாற்றி மென்பொருளுக்கு எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது. பட்டத்தையும் தமிழென்று எண்ணிப் பொருளற்ற எழுத்தாக்கிவிடும். தொலைபேசி எண்கள் பெரும்பாலும் தப்பிக்கும், பட்டமும் மின்னஞ்சலும் தப்பிக்காது. ஆவணத்தில் எழுத்துருப் பெயரை வைத்துத் தேடி, ஆங்கிலப் பகுதிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, ‘ஜூ’, கொம்பும் காலும் சேர்ந்து வரும் ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற பைத்தான் நிரல் தொகுப்பில் பாமினி, டேப், டேம், டிஸ்கி ஆகிய பழைய எழுத்து முறைகளை யூனிகோடுக்கு மாற்றும் வசதி இருக்கிறது. நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரே மூச்சில் மாற்ற வேண்டியவர்களுக்கு அது ஏற்றது.

விசைப்பலகையில் இன்று பெரிய வேறுபாடு இல்லை. விண்டோஸ் 11-இல் தமிழ் 99 விசை அமைப்பு உள்ளேயே இருக்கிறது. விண்டோஸுக்கு மாற்றான கட்டற்ற இயங்குதளம் லினக்ஸில் ஐபஸ்-எம்17என் என்ற பொதியை நிறுவினால் தமிழ் 99, பழைய தட்டச்சு முறை, ஒலிபெயர்ப்பு முறை எல்லாம் வரும். நிறுவியதும் ஒருமுறை வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். இதைச் செய்யாமல் ‘வேலை செய்யவில்லை’ என்று கைவிடுபவர்கள் அதிகம். அரசுத் தட்டச்சுத் தேர்வில் ஹையர் முடித்த ஆபரேட்டருக்கு இன்னொரு சோதனையும் தேவை. அவர் கை கொம்பை முதலில் அடித்து, பிறகு மெய்யை அடித்துப் பழகியது. யூனிகோடு மெய்யை முதலில் கேட்கும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் தட்டச்சு முறை அந்த வரிசையைத் தானே திருப்பித் தருகிறதா என்று ‘கெ’, ‘கே’, ‘கை’ அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பத்து வருடக் கைப்பழக்கத்தை மாற்றச் சொல்வது சின்ன செலவல்ல.

எழுத்துருவுக்குப் பணம் கொடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. நோட்டோ, முக்தா மலர், கட்டமரன், மீரா இனிமை, கவிவனார், பவனம் ஆகியவை வணிக அச்சுக்கும் அனுமதி தரும் உரிமத்தில் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகமும் யூனிகோடு எழுத்துருக்களை விலையின்றித் தருகிறது. தலைப்புக்கான அலங்கார எழுத்துகளில் மட்டும் பழைய எழுத்துருக்களின் வகைவகையான வடிவம் இன்னும் இங்கே முழுதாக வந்து சேரவில்லை.

மனு, பத்திரம், கடிதம்

கடையிலேயே அச்சடித்துக் கொடுத்துவிடும் வேலை என்றால் லிப்ரெஆபீஸ் ரைட்டர் போதும். முதல் நாளே ஒரு அமைப்பைச் செய்துவிட வேண்டும். ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்பதை இயக்கித் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு இயல்பு நடையில் மேற்கத்திய எழுத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று என இரண்டு எழுத்துருவையும் அளவையும் தனித்தனியே வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஆங்கிலமும் தமிழும் கலந்த ஒரே வரியில் ஒன்று 12 புள்ளியாகவும் மற்றது 10 புள்ளியாகவும் நிற்கும். எத்தனை முறை மாற்றினாலும் அடுத்த ஆவணத்தில் திரும்ப வரும்.

பத்திர எழுத்தர்களுக்கு ரைட்டரின் பக்க நடை மிகவும் கைகொடுக்கும். முத்திரைத்தாளின் முதல் பக்கத்தில் மேலே அச்சிட்ட பகுதி போக மிச்ச இடத்தில்தான் எழுத்து விழ வேண்டும். பலர் எண்டர் விசையை இருபது முறை தட்டி இறக்குகிறார்கள். எழுத்துரு அளவு மாறினாலே அந்தக் கணக்கு தவறி, விலை கொடுத்து வாங்கிய தாள் வீணாகும். அதற்குப் பதிலாக முதல் பக்கத்துக்கு ‘ஃபர்ஸ்ட் பேஜ்’ நடையைக் கொடுத்து, தாளை அளவுகோலால் அளந்து மேல் ஓரத்தை சென்டிமீட்டரில் வைத்து, வார்ப்புருவாகச் சேமித்துவிட்டால் ஒவ்வொரு பத்திரத்துக்கும் அதே இடத்தில் தொடங்கும். வேர்டிலும் செக்‌ஷன் பிரித்து இதைச் செய்யலாம். ரைட்டரில் வழி குறுகியது.

கோப்பு வெளியே போய்த் திருத்தப்பட்டு மறுபடி வரும் வேலை வேறு. வழக்கறிஞர் அலுவலகம் வேர்டில் திருத்தி அனுப்பும், கல்லூரி டாக்எக்ஸ் படிவம் அனுப்பும். லிப்ரெஆபீஸ் அதைத் திறக்கும், சேமிக்கும். ஆனால் பக்கம் நகரும். முக்கியக் காரணம் எழுத்துரு. லதா, நிர்மலா போன்றவை விண்டோஸோடு வருபவை. அவை இல்லாத கணினியில் வேறொன்று வந்து உட்கார்ந்ததும் வரியின் உயரம் மாறி, அட்டவணை அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படும். ஆங்கிலத்தில் காலிப்ரிக்குக் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குக் கலாடியா என்று அதே அகலம் கொண்ட மாற்று எழுத்துருக்கள் உண்டு. தமிழுக்கு இரு பக்கமும் நோட்டோவைப் போட்டுக்கொள்வதுதான் தீர்வு. முடிந்த ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். ஒரே கோப்பு நாலைந்து முறை வேர்டுக்கும் ரைட்டருக்கும் போய் வரும் தொழில் என்றால் ஒரு கணினிக்காவது வேர்டை முறையாக வாங்கிவிடுவது நல்லது. மாதா மாதம் கட்டும் மைக்ரோசாஃப்ட் 365 வேண்டாம் என்றால், ஒருமுறை விலைக்கு வரும் ஆபீஸ் 2024 இருக்கிறது. சந்தா வகை மாதத்துக்கு ஒருமுறையாவது இணையத்தில் தன்னைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கணக்குத் தாளில் லிப்ரெஆபீஸின் கால்க் பெரும்பாலான வேலைக்கு ஈடு கொடுக்கும். எக்ஸ்லுக்அப் சூத்திரமும் 24.8 பதிப்பில் வந்துவிட்டது. எக்ஸலில் யாரோ எழுதிக் கொடுத்த மேக்ரோவை (தானே ஓடும் கட்டளைத் தொகுப்பை) நம்பிச் சம்பளப் பட்டியல் ஓடுகிறது என்றால் மட்டும் மாறும் முன் நிறுத்திச் சோதியுங்கள். சில மேக்ரோ ஓடும், சில பாதியில் நிற்கும்.

நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ்

காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் தன் விலைக்கு நியாயம் சொல்லும் இடம் இதுதான். ஆனால் அதுவும் முழுதாக இல்லை.

ஒரு வண்ணக் கொடை நோட்டீஸ், சங்கத்தின் ஆண்டறிக்கை, பள்ளி மலர் இவற்றுக்குக் கட்டற்ற பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸ் 1.6 தாராளமாகப் போதும். பழைய 1.4 பதிப்பை ஒருகாலத்தில் போட்டுப் பார்த்து, கொம்பு தனியே புள்ளி தனியே சிதறியதைக் கண்டு வெறுத்தவர்கள் புதிய பதிப்பை ஒருமுறை திறந்து பார்க்கலாம். இப்போது தமிழ் சரியாகக் கோக்கிறது. அடோபி பக்கத்திலும் இது தானாக நடப்பதில்லை. இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அங்கேயும் எழுத்து சிதறும்.

நாலு வண்ண வேலை சிவகாசிக்குப் போகிறது என்றால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அச்சகம் எந்தக் கோப்பைக் கேட்கிறது என்பது. வரைகலை மென்பொருளான கோரல்டிராவின் சிடிஆர் கோப்புதான் வேண்டும், அங்கே திருத்தம் போடுவோம் என்றால் விவாதம் முடிந்தது: கோரல்டிரா வாங்குங்கள். கட்டற்ற வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப் சிடிஆரை ஓரளவு திறக்கும், சிடிஆராகச் சேமிக்காது. பிடிஎஃப் போதும் என்றால் கட்டற்ற வழி திறந்திருக்கிறது.

அந்த வழியில் விழும் பெரிய தவறு கருப்பு எழுத்தில் வரும். இங்க்ஸ்கேப் திரைக்குரிய மூவண்ண முறையில் வேலை செய்கிறது. அங்கே கருப்பாக இருக்கும் எழுத்து, அச்சுக்கு மாற்றும்போது நாலு மையும் கலந்த கருப்பாகிவிடும். 8 புள்ளி அளவில் உள்ள பெயர்ப் பட்டியல், மைக்கு ஒன்றாக இருக்கும் நாலு பிளேட்டிலும் (அச்சுத் தகட்டிலும்) விழும். ஒரு பிளேட் மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் தட்டும். ‘ண’, ‘ஞ’ போன்ற எழுத்துகளின் சுழி அடைபடும். ஆகவே படத்தையும் அலங்காரத்தையும் இங்க்ஸ்கேப்பில் வரைந்துகொண்டு, எழுத்தை மட்டும் ஸ்கிரைபஸில் கருப்பு மை 100 விழுக்காடு, மற்ற மூன்றும் பூஜ்யம் என்று வைத்துக் கோக்க வேண்டும். நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டு இடம் விடுங்கள். அச்சகத்துக்கென்று உள்ள பிடிஎஃப் எக்ஸ்-3 வகையாக ஏற்றுமதி செய்யுங்கள். அந்தத் தேர்வு பட்டியலில் மங்கித் தெரிந்தால் ஆவண அமைப்பில் வண்ண மேலாண்மை அணைந்திருக்கிறது என்று பொருள். அதை இயக்கினால் வந்துவிடும். எழுத்துருச் சிக்கல் வராமல் இருக்க, ஏற்றுமதியின்போதே எழுத்தைக் கோட்டுருவாக மாற்றும் தேர்வைப் போட்டுவிடுங்கள்.

புகைப்பட வேலைக்குக் கட்டற்றதில் ஜிம்ப். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், ஒருமுறை போட்ட விளைவைப் பிறகு திறந்து திருத்தும் வசதி வந்திருக்கிறது. பாஸ்போர்ட் படம், பழைய படத்தைத் துலக்குவது, பின்புலம் மாற்றுவது எல்லாம் நடக்கும். நாள் முழுதும் கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டூடியோவுக்கு ஃபோட்டோஷாப்பின் வேகம் வேண்டும். சந்தாவைத் தொழிற்செலவில் சேர்த்துக்கொள்வதே சரி. 2013-இலிருந்து அடோபி ஃபோட்டோஷாப்பின் புதிய பதிப்புகளைச் சந்தாவுக்குத்தான் தருகிறது.

ஃபிளெக்ஸுக்கு நினைவகக் கணக்கு முக்கியம். 10 அடிக்கு 8 அடி போர்டை அங்குலத்துக்கு 72 புள்ளி என்று போட்டால் 8640க்கு 6912, ஏறக்குறைய 6 கோடிப் புள்ளி. ஒரு அடுக்குக்கே 240 எம்பி ஆகிறது. தலைவர் படம், சாமி படம், பெயர், சட்டகம் என்று ஆறு அடுக்கு வந்தால் ஒன்றரை ஜிபியை நெருங்கும். திரும்பிப் போகும் வசதிக்கு அது போலச் சில மடங்கு கூடும். ஜிம்ப் ஆனாலும் ஃபோட்டோஷாப் ஆனாலும் 4 ஜிபி ராம் திணறும். 8 ஜிபி குறைந்தபட்சம், 16 இருந்தால் நிம்மதி. படத்தை அச்சுப் புள்ளிகளாக மாற்ற அச்சு இயந்திரத்தோடு வரும் ரிப் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடுவது வழக்கம். அந்தக் கணினியை அப்படியே விட்டுவிட்டு வடிவமைப்புக் கணினியை மட்டும் மாற்றுவதே நடைமுறை.

கணக்கு

ஆடிட்டர் எதைக் கேட்கிறாரோ அதுவே விடை. நெல்லையில் டேலி என்ற கணக்கு மென்பொருள் தெரிந்த கணக்கர் எந்தத் தெருவிலும் கிடைப்பார். வருட முடிவில் டேலி பேக்கப்பைப் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு போவதுதான் பல ஆடிட்டர்களின் வழக்கம். டேலிபிரைமை ஒருமுறை விலைக்கு வாங்கி, ஆண்டுதோறும் டிஎஸ்எஸ் என்ற புதுப்பிப்புச் சந்தாவைக் கட்டலாம். புதுப்பிக்காவிட்டாலும் வாங்கிய பதிப்பு ஓடும். புதிய பதிப்பும் இணையச் சேவைகளும் கிடைக்காது. ஜிஎஸ்டி விதி அடிக்கடி மாறுவதால் மொத்த வியாபாரிக்குப் புதுப்பிப்பு தேவையே.

கட்டற்றதில் இரண்டு வேறு அளவுக் கருவிகள் உள்ளன. க்னூகேஷ் இரட்டைப் பதிவு முறையில் சுத்தமாகக் கணக்கு வைக்கும். ஜிஎஸ்டி தாக்கலைத் தானே செய்யாது. கோயில் கொடை வரவு செலவு, ஊர்ச் சங்கம், அறக்கட்டளை, மாதம் இருபது முப்பது பில் போடும் சிறு கடை ஆகியவற்றுக்குப் பொருந்தும். தாக்கலை ஜிஎஸ்டி தளத்திலேயே உள்ளிட்டுவிடலாம். பிரைவேட் லிமிடெட் ஆகப் பதிந்திருந்தால் க்னூகேஷ் வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் அழிக்க முடியாதபடி பதிவாக வேண்டும் என்பது விதி.

ஈஆர்பிநெக்ஸ்ட் முழு வணிகத்தையும் நடத்தும் பெரிய கருவி. மும்பையின் ஃபிராப்பே நிறுவனம் கட்டற்ற ஜிபிஎல் உரிமத்தில் தருகிறது. இருப்பு, கொள்முதல் எல்லாம் ஒரே இடத்தில் வரும். சம்பளத்துக்கும் ஜிஎஸ்டிக்கும் தனிச் செயலிகளை அதோடு சேர்த்து நிறுவ வேண்டும். ஆனால் அதற்கு லினக்ஸ் சர்வர், மரியாடிபி தரவுத்தளம், தினசரி பேக்கப், இவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். ஆலங்குளத்திலோ வள்ளியூரிலோ அந்த ஆள் கிடைக்காவிட்டால் மாதக் கட்டணத்துக்கு இணைய சர்வரில் வைக்க வேண்டும். அங்கே ‘விலையில்லை’ என்பது முடிந்துவிடுகிறது. மூன்று நான்கு கிளை, ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல், அதனால் மின் விலைப்பட்டியல் கட்டாயம் என்ற நிலையில் உள்ளவர்கள் டேலியின் பலபேர் உரிம விலையையும் இதன் பராமரிப்புச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். ஒரே கவுன்ட்டர் கடைக்கு இது தேவையில்லாத சுமை.

பரணில் கிடக்கும் மடிக்கணினி

அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி பல வீடுகளில் தூசி படிந்து கிடக்கிறது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் இன்டெலில் 8-ஆம் தலைமுறையும் கேட்கிறது. இங்கே லினக்ஸுக்குப் போட்டியே இல்லை. லினக்ஸ் மின்ட் 22-இன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். 2029 ஏப்ரல் வரை திருத்தம் வரும். 2 ஜிபி ராமில் நகரும், 4 ஜிபியில் வேலை செய்யலாம். பழைய வன்தட்டைக் கழற்றி 240 ஜிபி எஸ்எஸ்டி மாட்டினால் வேறு கணினி போல எழும்.

பள்ளிகளைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு இறங்கினால் கேரளத்து அரசுப் பள்ளிகளில் கைட் க்னூ லினக்ஸ்தான் ஓடுகிறது. அங்கே முடிவது இங்கேயும் முடியும்.

கருவிகள்

மாறியவர்கள் திரும்பி வருவதற்குப் பெரிய காரணம் பிரிண்டர். நம் கடைகளில் ஓடும் கேனன் எல்பிபி 2900-ஐ லினக்ஸில் இயக்குவது பெரும்பாடு. அதை நம்பியிருக்கும் கடை அந்த ஒரு கணினியை விண்டோஸிலேயே விடட்டும். எச்பி லேசர்ஜெட் 1020 இயங்கும். ஆனால் ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் அதன் உள்நிரலை மறுபடி ஏற்ற வேண்டும். எச்பியின் லினக்ஸ் டிரைவரான எச்பிலிப்பின் கூடுதல் பிளக்-இன்னை நிறுவியிருந்தால் அது தானே நடக்கும், இல்லையென்றால் விளக்கு எரியும், தாள் வராது. எப்சன் எல் வரிசைக்கும் பிரதர் லேசருக்கும் உற்பத்தியாளரே லினக்ஸ் டிரைவர் தருகிறார். ஆதார் கைரேகைக் கருவிக்கான சேவை நிரல் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்குமே கிடைக்கிறது. இ-சேவை வேலை செய்யும் கணினியை மாற்ற வேண்டாம்.

புதிய பிரிண்டர் வாங்கப் போகிறவர்கள் 8 ஜிபி பென்டிரைவில் மின்ட்டை ஏற்றி, மடிக்கணினியோடு கடைக்கு எடுத்துப் போங்கள். நிறுவாமலே பென்டிரைவிலிருந்து அது ஓடும். பிரிண்டரை மாட்டி, ஒரு தமிழ்ப் பக்கத்தை அச்சடித்து, ஸ்கேனரிலும் ஒரு தாளை வைத்துப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.